கைவிடாத சங்கிலி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெரிய கையுறை ஆலைகளில், ஒரே ஓர் உற்பத்தி வரிசை மணிக்கு 45,000 கையுறைகள் வரை தருகிறது. நொடிக்குப் பன்னிரண்டரை. மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருக்கும் நூறு கையுறைப் பெட்டிக்கான சரக்கு எட்டே நொடியில் வந்து சேர்ந்துவிடும். பத்துப் பெட்டிகள் அடங்கிய பெரிய அட்டைப்பெட்டிக்கு எண்பது நொடி போதும். வரிசை இரவிலும் நிற்பதில்லை. நிறுத்தினால் சூளைக்குள் அகப்பட்டவை வீணாகும், தொட்டிகளையும் வெப்பத்தையும் மறுபடி சீராக்க நேரம் பிடிக்கும்.

இந்த வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்க வேண்டுமென்றால் என்ன ஆகும்? ஒரு தொழிலாளி நூறு கையுறைகளை எடுத்து, நீவி, ஒரே பக்கமாகத் திருப்பி, எண்ணிப் பெட்டிக்குள் வைக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையுறை ஒன்றுக்கு ஒன்றேகால் நொடிக்கும் குறைவு. மிக வேகமான கைதான். அப்படியும் ஒரு வரிசையின் முனையில் பதினைந்து பேர் இடைவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டு மூன்று என்றால் நாற்பத்தைந்து பேர். ஆலையில் இருபது வரிசை இருந்தால் தொள்ளாயிரம் பேர், பெட்டியில் வைக்கும் வேலைக்கு மட்டும்.

வியப்பு என்னவென்றால், அதற்கு முந்தைய வேலைகளில் கைக்கு இடமே இல்லை. ஆலைக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுபவை சங்கிலியில் கோத்த ஆயிரக்கணக்கான வெள்ளைப் பீங்கான் கைகள். இவைதான் அச்சுகள். அமிலத்திலும் காரத்திலும் குளித்து, கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கி உலர்ந்து, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரின் பால் நிறைந்த தொட்டிக்குள் இறங்குகின்றன. அச்சின் மேல் படிந்திருக்கும் கால்சியம் அயனிகள் பாலைத் தொட்டதும், அதில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பீங்கானைச் சுற்றிப் படலமாகக் கெட்டிப்படுகின்றன. மணிக்கட்டு விளிம்பைச் சுழலும் உருளைகள் சுருட்டிவிடுகின்றன. வெந்நீர்த் தொட்டி மிஞ்சிய உப்புகளைக் கழுவுகிறது. நூறு டிகிரியைத் தாண்டிய சூளையில் கந்தகம் பாலிமர் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது, படலம் ரப்பராகிறது. இத்தனையும் சங்கிலி தானே நடத்திக்கொள்ளும்.

மறுமுனையிலும் சிக்கல் இல்லை. கையுறை பெட்டிக்குள் போய்விட்டால் அதற்குப் பிறகு எல்லாம் கெட்டியான, சதுரமான பொருள்கள். அட்டையை மடித்துப் பெட்டியாக்கவும், மூடவும், தேதி அச்சிடவும், பலகை மேல் அடுக்கவும் இயந்திரங்கள் பல பத்தாண்டுகளாகவே உண்டு. சோப்புக்கட்டி, பிஸ்கட், மருந்துப் புட்டி எல்லாவற்றுக்கும் அதே இயந்திரங்கள்தான். ஆக, அச்சிலிருந்து உரிந்த கையுறை பெட்டிக்குள் போகும் வரையிலான அந்தச் சில மீட்டர் தூரத்தில் மட்டும் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் கையுறையின் மென்மை. இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு தகடு வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் எதிர்ப்பு எட்டில் ஒன்றாகிவிடும். எடையோ பாதிதான் குறையும். நோயாளிகளைச் சோதிக்கும்போது அணியும் சோதனைக் கையுறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நைட்ரைலின் மீள்தன்மையையும் எடையையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டால், அந்தப் படலம் தன் சொந்த எடையைத் தாங்கி நீட்டிக்கொண்டு நிற்கக்கூடிய நீளம் அரை சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் தொங்கிவிடும். தொங்கும் விரல்கள் ஐந்து, அவை மடங்கக்கூடிய விதங்களோ எண்ணற்றவை. காசை மிச்சம்பிடிக்கவும் விரல்நுனி உணர்வு கூடவும் என்று கையுறையை மெல்லியதாக்கிக்கொண்டே போனபோது, ஒவ்வொரு குறைப்பிலும் இயந்திரத்துக்கு வேலை கடினமானது.

மென்மையோடு ஒட்டும் குணமும் சேர்ந்தது. புதிதாக வெந்த ரப்பர்ப் பரப்பு தன்னோடு தானே ஒட்டும். இரண்டு கையுறைகளை அழுத்தினால் பிரிக்க நகம் வேண்டும். இடையில் மாட்டிய காற்று இன்னொரு தொல்லை: அடுக்கை அழுத்தினால் குறுகும், விட்டால் எழும்பும். துணி ஆலைகளில் ஊசி குத்தித் தூக்கும் பிடிப்பான்கள் உண்டு. துளையே இருக்கக் கூடாத பொருளுக்கு ஊசியைக் காட்ட முடியுமா?

மென்மையான பொருள்களைக் கையாள்வது ரோபோக்களுக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பீட்டர் அபீலின் ஆய்வுக் குழு ஒரு ரோபோவுக்குத் துவாலை மடிக்கக் கற்றுக்கொடுத்தது. குவியலிலிருந்து முன்பின் பார்த்திராத துவாலையை எடுத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, மூலைகளைக் கண்டுபிடித்து, மடித்து அடுக்கியது. உலகமே வியந்த சாதனை. அந்த வியப்பு நியாயமானது. ஒரு துவாலைக்கு ஆன நேரம் சராசரியாக இருபத்துநான்கு நிமிடத்துக்கும் மேல். அதே நேரத்தில் நம் வரிசை பதினெட்டாயிரம் கையுறைகளை உரித்துத் தள்ளிவிடும்.

கையுறைகளைப் பிரித்து அடுக்கும் இந்தக் கைவேலை ஆலைக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆலையில் பிறந்த வேலை அல்ல. 1889-90 வாக்கில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டட், பாதரசக் குளோரைடு கிருமிநாசினியால் கை வெந்து அவதிப்பட்ட செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காக, குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகள் செய்யச் சொன்னார். (அவர்கள் இருவரும் 1890-இல் திருமணம் செய்துகொண்டார்கள்.) அப்போதும், அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகவும், கையுறை திரும்பத் திரும்பப் பயன்படும் பொருளாக இருந்தது. அறுவை முடிந்ததும் செவிலியர்கள் அவற்றைக் கழுவி, காற்றடைத்து ஓட்டை பார்த்து, ஒட்டுப் போட்டு, உலர்த்தி, மாவு தூவி, இடது வலது இணை சேர்த்து, பொதிந்து, நீராவியில் கிருமி நீக்குவார்கள். 1960-களில் ஒருமுறை அணிந்து எறியும் கையுறை பரவியபோது, இத்தனை செவிலியர்களின் விரல்வேலையும் ஆலை மேசைகளுக்கு இடம்பெயர்ந்தது.

1987-இல் எய்ட்ஸ் அச்சத்தின் நடுவே, எல்லா நோயாளிகளின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்தியது. கையுறைத் தேவை பொங்கியது. ரப்பர் பாலும் துறைமுகமும் அருகருகே இருந்த மலேசியாவில் ஆலைகள் முளைத்தன. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய கிள்ளான் வட்டாரம் கையுறை வட்டாரமாயிற்று. பின்னாளில் ரப்பர் புரத ஒவ்வாமை தராத நைட்ரைல் முன்னுக்கு வந்தபோது மூலப்பொருள் மரத்திலிருந்து பெட்ரோலியத்துக்கு மாறிவிட்டது. ஆலைகள் அங்கேயே நின்றன.

அந்தக் கால ஆலையில் வரிசையின் முனையைக் கற்பனை செய்து பாருங்கள். சூளையிலிருந்து வெளிவரும் அச்சுகள் இன்னும் சூடாகவே இருக்கும். இருபக்கமும் நின்றபடி ஆட்கள் சுருட்டிய விளிம்பைப் பிடித்து இழுத்துக் கையுறைகளை உரிப்பார்கள். உரித்தது கூடையில் விழும். கூடை நிறைந்ததும் பெரிய உருளை உலர்த்திக்குள் கொட்டிச் சுழற்றுவார்கள். ஒட்டும் குணத்தைப் போக்கக் குளோரின் நீரில் கழுவுவதாக இருந்தால் அதுவும் உருளைக்குள்தான், மொத்தமாக. வெளியே வரும்போது அது பல்லாயிரம் கையுறைகளின் குவியல். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, சில உள்வெளியாகப் புரண்டு, விரல்கள் மடங்கி. பிறகு அந்தக் குவியலை மேசையில் கொட்டி, பிரித்து, நீவி, ஒழுங்காக்கிப் பெட்டியில் வைக்க இன்னொரு கூட்டம் ஆட்கள்.

இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். சூளையிலிருந்து வெளிவந்த கணத்தில் ஒவ்வொரு கையுறையும் எங்கே இருந்தது, எப்பக்கம் பார்த்தது, அதன் கட்டைவிரல் எந்தத் திசையில் இருந்தது என்பதெல்லாம் மில்லிமீட்டர் துல்லியத்தில் தெரிந்திருந்தது, ஏனென்றால் அது பீங்கான் கையின் மேல் இருந்தது. அந்த நிலையில் அது மென்மையான பொருளே அல்ல. பீங்கானின் விறைப்பைக் கடன் வாங்கிய கெட்டிப்பொருள். கூடையில் விழுந்த மறுகணம் அத்தனை தகவலும் அழிந்தது. அழிந்த தகவலை மறுபடி உண்டாக்கத்தான் பெட்டி மேசையில் அத்தனை பேர். கோத்த மாலையைக் குலைத்துக் கொட்டிவிட்டு மீண்டும் பூப்பூவாகக் கோப்பது போன்ற வேலை அது.

கையுறைத் தொழிலின் தானியக்க வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைக் கண்டுகொண்ட அறிவைத்தான். பெர்க்லி ரோபோ செய்ததுபோல் குவியலைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் இயந்திரத்தைத் தேடிப் போயிருக்கலாம். நொடிக்குப் பன்னிரண்டு என்ற வேகத்தில் அது இன்றைக்கும் நடக்காத காரியம். மாறாக, குவியல் உண்டாகாமலே பார்த்துக்கொள்வது எப்படி என்று பொறியாளர்கள் கேட்டார்கள். குவான் காம் ஹோன் 1988-இல் தொடங்கிய ஹர்த்தலேகா நிறுவனம் 1990-களின் நடுவிலேயே உரிக்கும் வேலைக்கு இயந்திரக் கைகளைக் கொண்டுவந்தது. மற்ற பெரிய ஆலைகளும் அந்த வழியில் வந்தன.

ஆனால் உரிப்பதற்கு இயந்திரம் வந்தால் மட்டும் போதாது. உருளை உலர்த்தி அப்பால் காத்திருக்கும்வரை, ஒழுங்காக உரித்த கையுறையும் அதற்குள் போய்க் குலையத்தான் செய்யும். ஆகவே வேதியியல் முதலில் இடம் மாற வேண்டியிருந்தது. கையுறை அச்சிலேயே இருக்கும்போது அதன் பரப்பைக் குளோரின் நீரில் முக்கி எடுப்பது, அல்லது மெல்லிய பாலிமர் பூச்சு கொடுப்பது என்ற முறைகள் வந்தன. குளோரின், பரப்பில் உள்ள பாலிமரின் இரட்டைப் பிணைப்புகளோடு வினைபுரிந்து அந்தத் தோலை மட்டும் சற்றே கடினமாக்குகிறது. ஒட்டும் குணம் போய்விடுகிறது. உரிக்கும்போது கையுறை உள்வெளியாகப் புரளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அச்சில் வெளிப்பக்கமாக இருந்து குளோரின் பட்ட பரப்பே அணிபவரின் தோலைத் தொடும் உட்பக்கமாகிறது. கை வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. அச்சை ஒட்டியிருந்த பக்கம் வெளியே வந்து, பீங்கானில் செதுக்கிய சொரசொரப்பை விரல்நுனியில் காட்டுகிறது. ஒரே புரட்டலில் இரண்டு வேலை.

மாவும் இதோடு விடைபெற்றது. சோளமாவு கையுறைகளைப் பிரித்துவைத்தது உண்மை. ஆனால் அது ரப்பர் புரதங்களைச் சுமந்துகொண்டு காற்றில் பறந்து ஒவ்வாமையைப் பரப்பியது. அறுவைக் காயத்துக்குள் போனால் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொள்ளவும் வீங்கவும் காரணமானது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 ஜனவரி 18 முதல் மாவுக் கையுறைகளைத் தடை செய்தது.

இனி உரிக்கும் இயந்திரத்தைப் பார்க்கலாம். சங்கிலி நிற்காது என்பதால் பிடிப்பான்களும் அதன் கூடவே அதே வேகத்தில் ஓட வேண்டும். அச்சுகளை நான்கு வரிசையாகப் பிரித்தாலும், வரிசைக்கு நொடிக்கு மூன்று கையுறை. பீங்கான் கைகள் விரல் கீழாகத் தொங்கியபடி வருகின்றன. சுருட்டிய விளிம்பை முதலில் சற்றுக் கீழிறக்கிப் பிடிக்க இடம் உண்டாக்க வேண்டும். பிறகு இயந்திர விரல்கள் அதைப் பற்றிக்கொண்டு கீழே இழுக்கும்போது கையுறை புரண்டபடி கழன்று வருகிறது. கழன்ற கணத்திலும் விளிம்பு பிடியில் இருக்கிறது. விரல்கள் தம் எடையாலேயே நேராகத் தொங்குகின்றன. தன்னால் அரை சென்டிமீட்டருக்கு மேல் நிமிர முடியாத படலத்தை நேராக்க ஈர்ப்பு விசையே போதுமானதாகிவிட்டது. அப்படியே தட்டின் மேல் கிடத்தினால், முந்தையதன் மேல் அடுத்தது, விளிம்பின் மேல் விளிம்பு. வேண்டிய எண்ணிக்கை சேர்ந்ததும் அழுத்துப் பலகை வந்து காற்றைப் பிழிகிறது. அடுக்கு மொத்தமாகப் பெட்டிக்குள் போகிறது.

எண்ணும் வேலையும் காணாமல் போனது என்பதை இங்கே சொல்ல வேண்டும். கைப்பேக்கிங்கில் பெட்டியை எடை போட்டு எண்ணிக்கையைச் சரிபார்ப்பது வழக்கம். ஒரு கையுறை மூன்றரை கிராம் என்றால் நூறுக்கு 350 கிராம். கையுறைக்குக் கையுறை எடை முன்னே பின்னே இருப்பது பெரிய சிக்கல் இல்லை, நூறைக் கூட்டும்போது கூடுதலும் குறைவும் பெருமளவு கழிந்துவிடும். பால் தொட்டியின் அடர்த்தி மாறி எல்லாக் கையுறைகளும் நூற்றுக்கு மூன்று பங்கு கனத்துவிட்டால்தான் சிக்கல். தராசு நூறு என்று காட்டும் பெட்டியில் உண்மையில் தொண்ணூற்றேழுதான் இருக்கும். சங்கிலியிலிருந்து நேரே அடுக்குக்கு வருபவற்றைத் தனியே எண்ண வேண்டியதில்லை, கடந்துபோன அச்சுகளை எண்ணினால் போதும்.

இன்னொரு ஆதாயம் இதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். ஓர் அச்சில் நுண்ணிய விரிசலோ அழுக்கோ இருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே குறையைத் தரும். குவியலில் கலந்த பிறகு குறையுள்ள கையுறையைக் கண்டுபிடித்தாலும் அது எந்த அச்சின் பிள்ளை என்று சொல்ல முடியாது. வரிசை குலையாதபோது சொல்லலாம். அந்த அச்சைக் கழற்றி மாற்றலாம்.

அதே நேரத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. கையால் அடுக்கிய தொழிலாளி வெறுமனே அடுக்கவில்லை. நீவும்போதே அவர் விரல் கிழிசலை உணர்ந்தது, கண் கறையைக் கண்டது, விரல் ஒட்டிக்கொண்டதைக் கை ஒதுக்கியது. அது வேலைப் பட்டியலில் எழுதப்படாத தரச்சோதனை. முறைப்படியான சோதனை என்பது மாதிரிக்குச் சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் 1,000 மில்லிலிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடத்தில் கசிகிறதா என்று பார்ப்பது. சோதித்த கையுறை விற்பனைக்கு உதவாது என்பதால் எல்லாவற்றையும் அப்படிப் பார்க்க முடியாது. ஆட்களை எடுத்த இடத்தில் கண்காணிக்க வேறொன்று வேண்டும் என்பதால், கேமராக்கள் அச்சுகளின் பக்கத்தில் போய் அமர்ந்தன. அதுவும் பொருத்தமான இடமே. விரித்துப் பிடித்த நிலையில், நீலப் படலத்தில் ஒரு கிழிசல் இருந்தால் பின்னாலுள்ள பீங்கானின் வெள்ளை தெரியும். குறையுள்ளதை அடுக்குக்குப் போகும் முன்பே ஊதித் தள்ளிவிடலாம்.

யாருடைய கைகள் அந்த மேசைகளில் இருந்தன என்பதைச் சொல்லாமல் இந்த அத்தியாயம் முழுமையாகாது. பெரும்பாலும் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். தரகர்களுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டு வந்தவர்கள். 2020-இல் உலகமே கையுறைக்காகக் கையேந்தி நின்றபோது, ஆயிரம் நைட்ரைல் கையுறைகளின் விலை நூறு டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் கூறி மலேசியக் கையுறை நிறுவனமான டாப் குளோவின் துணை நிறுவனங்கள் இரண்டின் சரக்கை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்தது. நவம்பரில் கிள்ளானில் அந்நிறுவனத் தொழிலாளர்களின் நெரிசலான விடுதிகளில் கொரோனா ஆயிரக்கணக்கானோருக்குத் தொற்றியது. நிறுவனம் தொழிலாளர்கள் கட்டியிருந்த தரகுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. தானியக்கத்தை விரைவுபடுத்தும் காரணங்களில் இப்போது கூலிக் கணக்கோடு இதுவும் சேர்ந்துவிட்டது. சூளை வாயில் நின்று உரிக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். மனித உடலைப் பன்னிரண்டு மணி நேரம் அந்த வெப்பத்தில் நிறுத்துவதற்கு எந்தக் கூலியும் ஈடாகாது. ஆனால் கடன் இன்னும் தீராத ஒருவரை, வேலை இல்லையென்று ஊருக்கு அனுப்பும்போது அந்தச் செலவு ஆலையின் கணக்கில் ஏறுவதில்லை. அதை ஏற்க வேண்டியது ஆலைதான்.

மேசையிலிருந்து பெட்டி வழியாக மருத்துவமனைக்கும் ஒரு நன்மை போய்ச் சேர்கிறது. திணித்து அடைத்த பெட்டியில் கையை விட்டால் ஒன்றுக்கு மூன்று வரும். மிச்சத்தை மறுபடி உள்ளே தள்ளுவோம். விரல்நுனிகளைப் பிடித்து இழுப்போம். யாரும் அணியாத கையுறைகளிலும், திறந்த பெட்டியில் இருந்ததாலேயே, தோல் பாக்டீரியாக்கள் ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. விளிம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி அடுக்கினால் ஒவ்வொன்றாக, மணிக்கட்டுப் பக்கம் மட்டும் கை பட வெளியே வரும்.

இவ்வளவும் சோதனைக் கையுறையின் கதை. அதற்கு இடம் வலம் கிடையாது என்பதுதான் இயந்திரத்துக்குக் கிடைத்த பெரும் சலுகை. அறுவைக் கையுறைக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டைவிரல் முன்னோக்கி இருக்கும், விரல்கள் வளைந்திருக்கும், இடது வேறு வலது வேறு, அளவுகள் ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை அரை அரையாக ஏறும். இணை சேர்த்த பிறகு ஒவ்வொன்றின் மணிக்கட்டையும் வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும், வெறும் கை உட்பக்கத்தை மட்டுமே தொட்டு அணிவதற்காக. இடதை இடப்பக்கமும் வலதை வலப்பக்கமும் கட்டைவிரல் சரியான திசையில் இருக்கும்படி காகித உறையில் கிடத்தி மடித்து, வெளியுறையில் இட்டு மூடிய பின்னரே காமா கதிருக்கோ எத்திலீன் ஆக்சைடு வாயுவுக்கோ போகும். உறையை மூடும் இயந்திரம் பழையது, நம்பகமானது. மணிக்கட்டை மடித்துக் காகிதத்தில் கிடத்தும் அந்த ஓர் அசைவு மட்டும் இன்னும் பல ஆலைகளில் ஆட்களின் விரல்களிடமே இருக்கிறது. அச்சிலிருந்து கழலும் முன்பே மணிக்கட்டு மடிப்பை உண்டாக்கிவிட முடியுமா, இடதும் வலதும் அடுத்தடுத்த அச்சுகளில் வந்து இணையாகவே இறங்கும்படி செய்ய முடியுமா என்ற கேள்விகள் இப்போது பொறியாளர்களின் மேசையில் இருக்கின்றன.